பாதி தார், பாதி மண்: பனிக்காலத்துக்கு எந்த டயர்?

ஓடையோரம்:
வணக்கம். டொராண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். நவம்பர் வந்தால் சைக்கிளை ஏறக்கட்டிவிடுவது வழக்கம். இந்த முறை மார்ச் வரை ஓட்டியே தீருவது என்று இருக்கிறேன். வேலைக்கு ஒரு பக்கம் 11 கிலோமீட்டர். முதல் ஐந்து மெடோவே பாதை, மின்கம்பித் தடத்தை ஒட்டிப் போகும் நல்ல தார். அப்புறம் ஓடைக்கரையில் மண்ணும் சரளையுமாக மூன்று கிலோமீட்டர், அங்கே யாரும் பனி அள்ளுவதில்லை. மீதி பேருந்து ஓடும் பெரிய சாலை. வண்டி சாதாரண ஹைப்ரிட், டயர் 700×38, தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. ஒருவர் பட்டன் (ரப்பர் மேடுகள்) வைத்த மலைப்பாதை டயர் போதும் என்கிறார், இன்னொருவர் ஆணி டயர், அதாவது சின்ன உலோக ஆணிகள் பதித்த டயர், இல்லாமல் இறங்காதே என்கிறார். போன டிசம்பரில் ஒரே ஒரு நாள் எடுத்துப் பார்த்தபோது ஓடையின் மேல் உள்ள சின்னப் பாலத்தில் முன்சக்கரம் நழுவி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, அதனால் யோசித்து வாங்க நினைக்கிறேன். ஆணி டயர் போட்டால் காய்ந்த தாரில் மிதிப்பது ரொம்பக் கஷ்டமா?

பனிமிதி:
தம்பி, மணிக்கட்டு சரியாகிவிட்டதா? பாலத்தில் விழுந்தேன் என்கிறீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. பாலத்துக்குக் கீழேயும் காற்று ஓடுவதால் மற்ற பாதைக்கு முன்பே அது உறைந்துவிடும். பட்டன் டயர் புதுப்பனியிலும் சேற்றிலும் கடித்துக்கொண்டு போகும், பட்டன் உள்ளே இறங்க அங்கே இடம் இருக்கிறது. ஐஸில் எங்கே இறங்குவது? பட்டன்களின் நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், தரையில் படும் ரப்பர் உங்கள் பழைய டயரைவிடக் குறைவு. நம் ஊர்ப் பனி பகலில் உருகி ராத்திரி உறைகிறது, முந்தின நாள் நடந்தவர்களின் காலடிக் குழியெல்லாம் காலையில் கண்ணாடியாகக் கிடக்கும். பத்து வருடமாக இதே மாதிரிப் பாதையில் ஓட்டுகிறேன். ஆணி இல்லாமல் அந்த மூன்று கிலோமீட்டரில் போகச் சொல்லி யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆணியிலும் வகை உண்டு. சுவோமி நிறுவனத்தின் 106 ஆணி டயர் மாதிரி நடுவில் மட்டும் இரண்டு வரிசை உள்ளவை, நேராகப் போகும் தார்ச்சாலைக்கு நல்லவை. உங்களுக்கு ஓரத்திலும் ஆணி வேண்டும், உறைந்த தடத்தின் விளிம்பில் சக்கரம் சாய்ந்து ஏறும்போதுதான் நழுவுகிறது. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் வின்டர் பிளஸ் டயரில் நான்கு வரிசையாக 240 ஆணி. காற்றை நிறைய அடித்தால் ஓர ஆணிகள் தரையை அவ்வளவாகத் தொடாது, மிதிப்பது லேசாகும். ஐஸ் நாளில் காற்றைக் குறைத்தால் எல்லா ஆணியும் பிடிக்கும். கனமாகத்தான் இருக்கும், சத்தமும் வரும், 11 கிலோமீட்டருக்குச் சில நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஆணி நுனி டங்ஸ்டன் கார்பைடா என்று கேட்டு வாங்குங்கள், வெறும் எஃகு என்றால் தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாட்டியதும் முதல் 40 கிலோமீட்டர் தாரிலேயே, திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள். அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் சரியாக ஊன்றும்.

யாழ்ச்சக்கரம்:
அண்ணை சொல்வது அந்த ஓடைக்கரைக்குச் சரி. நான் டவுன்டவுனில் ஓடுகிறேன், முக்கால்வாசி நாள் உப்புப் போட்ட ஈர றோட்டுத்தான். என்னிடம் இருப்பது கான்டினென்டல் டாப் கான்டாக்ட் வின்டர், ஆணி இல்லாத ரயர். குளிரிலும் இறுகாத ரப்பர், மேலே பிளேடால் கீறினது போல நுண்ணிய வெட்டுகள். ஈரத்திலும் மெல்லிய பனியிலும் நல்ல பிடி. ஐஸ் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போவேன். காசு முட்டுப்பாடு என்றால் முன்னுக்கு மட்டுமாவது ஆணி ரயர் போடுங்கோ. பின்சக்கரம் இழுபட்டால் காலூன்றிச் சமாளிக்கலாம், முன்சக்கரம் போனால் யோசிக்கவே நேரம் இராது.

பனிமிதி:
ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முன்னுக்குத்தான், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓடைக்கு இறங்கும் சரிவில் பின் பிரேக் பிடித்தால் வால் சுழன்றுவிடும். முடிந்தால் இரண்டும் போடுங்கள்.

அளந்துபார்:
ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். இப்போதைய டயரின் பக்கத்தில் 38-622 என்று ஏதாவது பதித்திருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், 622 என்பது ரிம்மில் டயர் அமரும் விட்டம், அது மாறக்கூடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே தாராளமாக இடம் வேண்டும். சொதசொதப் பனி அங்கே அடைந்து உறைந்தால் சக்கரமே நின்றுவிடும், எனக்குப் போன ஜனவரியில் இருட்டில் அப்படி ஆகி, மரக்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தேன். இன்னொன்று, வீட்டுக்குள் 20 டிகிரியில் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்தால் வெளியே மைனஸ் 10இல் அதுவே சுமார் 43 ஆகிவிடும். வெளியே நின்ற வண்டியில் அளந்தால்தான் உண்மையான கணக்கு.

ஓடையோரம்:
எல்லோருக்கும் நன்றி. அளந்தேன், டயருக்கான இடம் முன் ஃபோர்க்கில் 55 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது, பின்னால் 48தான். முன்னால் 42, பின்னால் 37 போடலாமா? மட்கார்டு இரண்டிலும் உண்டு.

பனிமிதி:
தாராளமாகப் போடலாம். பின்னால் 37ஏ மட்கார்டுக்குள் இறுக்கமாகத்தான் இருக்கும், அடைத்தால் பின் மட்கார்டை மட்டும் கழற்றிவிடுங்கள். புது டயரை வீட்டுக்குள் ஒரு நாள் வைத்துவிட்டு மாட்டுங்கள், குளிர்ந்த டயர் ரிம்மில் ஏறாது, டயரின் பக்கத்தில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறைமழை (விழுந்ததும் ஐஸாகும் மழை) எச்சரிக்கை வரும் நாளில் மட்டும் ஓடைப் பக்கம் போகாமல் வண்டியைப் பேருந்தின் முன் ரேக்கில் ஏற்றிவிடுங்கள்.