ஐசன்ஹோவர் கையெழுத்து: அச்சா, பேனாவா?

போர்க்கால ஆவணங்கள் சேர்ப்பவர்கள் யாராவது உதவுங்கள். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நடந்த தரையிறக்கத்துக்காக நேச நாட்டு வீரர்களுக்கு அவர்களின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் விடுத்த ஒரு பக்கச் செய்தி, வெளிநாட்டு ஏலம் ஒன்றில் வந்திருக்கிறது. ‘தளபதி கையெழுத்திட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. சுமார் 1,75,000 பேர் கொண்ட படைக்கு அச்சடித்துக் கொடுத்த தாள் அது. அவர் கையெழுத்தும் சேர்ந்தே அச்சானது. சில பிரதிகளில் பின்னாளில் அவரே பேனாவால் கையெழுத்துப் போட்டதும் உண்டு. அப்படியானால் இரண்டு கையெழுத்து தெரிய வேண்டுமே? படத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அச்சின் மேலேயே எழுதியிருப்பார் என்கிறார் விற்பவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

பேனாக் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் மை அடர்ந்திருக்கும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் தெரியும். ஆனால் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் கேட்டால் போதுமா, சட்டத்தைக் கழற்றச் சொல்லலாமா? அப்புறம், அவர்கள் தரும் சான்றிதழை எந்த அளவுக்கு நம்பலாம்? ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிகிறது.