புதுப்பிப்பு: கிளைடர் இருக்கைக்கு ஐந்து முனை வார்

பல்லடத்தில் நாங்கள் பழுதுபார்த்துவரும் பழைய கிளைடருக்கு (இயந்திரமில்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம்) நான்கு முனை வார், அதாவது இரு தோள் வார்களும் இரு பக்க இடுப்பு வார்களும் நடுக்கொக்கியில் சேரும் இருக்கைப் பட்டை போதுமா, ஐந்து முனை வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஐந்து முனையையே தேர்ந்தெடுத்தோம். சாய்ந்த இருக்கையில் தோள் வார்களை இறுக்கும்போது நடுக்கொக்கி மேலேறி, இடுப்பு வார் எலும்பை விட்டு வயிற்றுக்கு வந்துவிடுகிறது; மோதினால் உடல் அதனடியில் வழுக்கிப்போகும். கால்களுக்கு இடையே வரும் ஐந்தாவது வார் கொக்கியைக் கீழேயே பிடித்துவைக்கிறது.

பழைய வார் வெயிலில் வெளுத்து, தையலோரம் பஞ்சாய்ப் பிரிந்திருந்ததை விரலால் தடவியபோது நெஞ்சு பதறியது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கிப்போடும்போது தலை விமானியின் அறை மேல்மூடியில் இடிக்காமல் காப்பது இடுப்பு வார்தான் என்பதால், அதையே முதலில் இறுக்கிப் பழகுகிறோம்.

தோள் வாரின் பின்முனையைப் பொருத்துவது மட்டும் மீதி. அது தோளுக்கு மிகவும் கீழே அமைந்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். ஆகவே கையேடு காட்டும் இடத்தை உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்த பிறகே போல்ட்டை முடுக்குவோம்.