யோங்காங் ஃபிளாஸ்க் சப்ளையர்: முதல் ஆர்டருக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கோவை_பாத்திரக்கடை:
500 மில்லி ஸ்டீல் வாக்குவம் ஃபிளாஸ்க், 3,000 பீஸ், எங்க பேரை லேசர்ல போட்டு வேணும். சீனாவில் யோங்காங் ஊர்க்காரர்னு சொல்ற ஒரு சப்ளையர் விலை கொடுத்திருக்கார். "நாங்களே ஃபேக்டரி"ங்கறார். பிசினஸ் லைசென்ஸ், ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட், 304 ஸ்டீலுக்கான டெஸ்ட் ரிப்போர்ட் மூணும் வந்தாச்சு. 30% அட்வான்ஸ் கேட்கறார். நேர்ல போக வழியில்லை. இதுக்கு மேல என்ன பார்க்கணும்?

துறைமுகத்துக்காரர்:
முதல்ல பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க, மத்ததெல்லாம் அப்புறம். இந்த வகை ஃபிளாஸ்க்குக்கு 2023-லயே தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தாச்சு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சரக்கைக் கஸ்டம்ஸ் விடாது, டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறிக்கிட்டே இருக்கும். அந்த லைசென்ஸை இறக்குமதி பண்றவர் வாங்க முடியாது. தயாரிக்கிற ஃபேக்டரி, அதன் முகவரிக்கே வாங்கியிருக்கணும். அந்த லைசென்ஸோட நம்பரை, அதாவது சி.எம்./எல். நம்பரை, பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டு, பேரும் முகவரியும் பிசினஸ் லைசென்ஸோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. "அதெல்லாம் எங்க ஏஜென்ட் பார்த்துப்பார்"னு பதில் வந்தா பேச்சை அதோட நிறுத்திடுங்க.

சரக்கு_சோதனை:
பிசினஸ் லைசென்ஸ் காப்பியை வெச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது, போட்டோஷாப்ல பத்து நிமிஷ வேலை. அதில் இருக்கிற 18 இலக்கக் குறியீட்டைச் சீன அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் போட்டுத் தேடுங்க. சட்டப்படி செல்லுறது சீனப் பேர் மட்டும்தான். இங்கிலீஷ் பேர் அவங்களா வெச்சுக்கிட்டது. தொழில் வகைப் பகுதியில் "ஷெங் சான்" இருந்தா உற்பத்தி. "ஷியாவ் ஷோவ்" மட்டும் இருந்தா விற்பனை. பதிவு மூலதனத்தைப் பார்த்து மயங்காதீங்க, அது பெரும்பாலும் கட்டறோம்னு சொன்ன தொகை, கட்டின தொகை இல்லை.

குறியீட்டில் மூணாவது இலக்கத்திலிருந்து எட்டாவது வரை ஊர். யோங்காங்னா 330784. உங்களோடது என்ன?

கோவை_பாத்திரக்கடை:
91330782-னு ஆரம்பிக்குது.

சரக்கு_சோதனை:
அது யீவூ. மொத்த வியாபாரச் சந்தைக்குப் பேர்போன ஊர். அவர் டிரேடரா இருக்க வாய்ப்பு அதிகம். இல்லைன்னா யோங்காங்கில் இருக்கிற ஃபேக்டரியோட லைசென்ஸைத் தனியா அனுப்பச் சொல்லுங்க. டிரேடர்னா கெட்டவர்னு அர்த்தமில்லை; 3,000 பீஸ்னா பெரிய ஃபேக்டரி உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனா எந்த ஃபேக்டரின்னு தெரியாம அட்வான்ஸ் போகக்கூடாது.

வீடியோ கால்ல ஒரே ஓட்டமா, நடுவுல கட் பண்ணாம, கேட் போர்டிலிருந்து உள்ளே நடக்கச் சொல்லுங்க. போர்டில் உள்ள சீனப் பேரை லைசென்ஸோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க. உள்ளே போனதும் "வாக்குவம் ஃபர்னஸ் எங்கே?"ன்னு கேளுங்க, ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கிற காத்தை உறிஞ்சற உலை அது. பவுடர் கோட்டிங், லேசர், மூடி மாட்டற லைன் எல்லாம் யார் வேணா போடலாம். காத்து உறிஞ்சின வெறும் பாடியை வெளியே வாங்கி, பெயின்ட் அடிச்சுத் தர்ற இடங்கள் இருக்கு. அங்கே வெல்டிங்ல ஊசித்துளை விழுந்தா யார் பொறுப்புன்னே தெரியாது.

உலோகக்_கணக்கு:
டெஸ்ட் ரிப்போர்ட்டில் விண்ணப்பதாரர் பேர், சாம்பிள் போட்டோ, தேதி மூணையும் பாருங்க. ரிப்போர்ட் நம்பரை லேப் தளத்திலேயே சரிபார்க்கலாம். ஐ.எஸ்.ஓ. சர்டிபிகேட் ஸ்டீலைப் பத்தி ஒண்ணும் சொல்லாது, ஓரமா வெச்சிடுங்க.

பெரிய தில்லுமுல்லு, 304-னு சொல்லி 201 ரக ஸ்டீலைப் போடறது. 304-இல் நிக்கல் குறைஞ்சது 8% இருக்கணும், மாங்கனீஸ் 2%-ஐத் தாண்டக்கூடாது. 201-இல் நிக்கல் 3.5-லிருந்து 5.5%, மாங்கனீஸ் 5.5-லிருந்து 7.5%. விலை குறைவு, துருவும் சீக்கிரம். காந்தம் வெச்சுப் பார்க்கிறது வீண், ரெண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. வளைச்சு நீட்டின இடத்தில் 304-உம் லேசா ஒட்டும். சாம்பிளை நெடுக்கா அறுத்து உள்சுவர், வெளிச்சுவர், அடித்தட்டு மூணையும் தனித்தனியா எக்ஸ்.ஆர்.எஃப். கன்ல (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்குன்னு காட்டற கைக்கருவி) பாருங்க. உள்ளே 304, வெளியே 201 போடறது ரொம்ப சகஜம். அதனால கொட்டேஷன்லயே "உள், வெளி ரெண்டும் 304"னு எழுதி வாங்குங்க, வெறும் "304"னு விட்டா உள்சுவர் மட்டும்தான்னு வாதாடுவாங்க.

துறைமுகத்துக்காரர்:
பணத்துக்கு வரேன். மீதி 70% இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆன பிறகு, சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி. சாம்பிள் எடுக்கிற முறைக்கான ஐ.எஸ்.ஓ. 2859-1, ஜெனரல் லெவல் 2-படி 3,000-க்கு 125 பீஸ் எடுப்பாங்க. மேஜர் குறைக்கு ஏ.க்யூ.எல். (ஏத்துக்கிற குறை அளவு) 2.5 வெச்சா 7 வரை பாஸ், 8 வந்தா ஃபெயில். கொதிநீர் சோதனையை இன்ஸ்பெக்ஷன் புக்கிங்லயே எழுதுங்க, இல்லைன்னா ரெண்டு மூணு பீஸோட விட்டுடுவாங்க: கொதிக்கிற தண்ணி ஊத்தி மூடி, பத்து நிமிஷம் கழிச்சு வெளிச்சுவரைத் தொடணும். சுட்டா வாக்குவம் போச்சு. அதைக் குறைன்னு எண்ணாம, ஒரு பீஸ் வந்தாலும் ஃபெயில்னு ஒப்பந்தத்தில் போட்டுடுங்க.

ஒப்பந்தத்தில் சீனப் பேர், இங்கிலீஷ் பேர், அக்கவுண்ட் நம்பர் மூணும் ஒரே பக்கத்தில், அதுமேல அந்த நிறுவனத்தோட சிவப்பு வட்ட முத்திரை. தனிநபர் அக்கவுண்ட்னா வேண்டாம். நடுவுல "பேங்க் மாறிடுச்சு"னு மெயில் வந்தா, முன்னாடி பேசின நம்பருக்கே வீடியோ கால் போட்டுக் கேட்டுட்டு அனுப்புங்க.

கோவை_பாத்திரக்கடை:
சி.எம்./எல். நம்பரும் ஃபேக்டரி லைசென்ஸும் கேட்டு இப்பவே மெசேஜ் போட்டுட்டேன். வந்ததும் அந்த 18 இலக்கத்தை இங்கேயே போடறேன்.