மறு: பீங்கான் தட்டின் அடியில் இருக்கும் அந்தப் புள்ளிகளுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

> "ஸ்பர் மார்க்" என்பதற்கு "ஆணித்தடம்" பொருந்துமா? பழைய ஜப்பான் ஏற்றுமதிப் பீங்கான் சேகரிப்பு பற்றிய கட்டுரைக்குத் தேவை.

ஆணி வேண்டாம் ஐயா. ஆணி என்றதும் இரும்புதான் நினைவுக்கு வரும். இங்கே இரும்புக்கு வேலையே இல்லை. கால் ஆணி வேறு குறுக்கே வந்து நிற்கும்.

நடப்பது இதுதான். ஜப்பானின் பீங்கான் ஊரான அரிடாவில் அகலமான தட்டுகளைச் சுடும்போது, அடிவளையத்துக்கு உள்ளே இருக்கும் நடுப்பகுதி சூட்டில் இளகித் தொய்ந்துவிடும். தொய்யாமல் இருக்க, அதன் அடியில் கூம்பு வடிவில் சிறு களிமண் முட்டுகளை வைப்பார்கள். ஆறியதும் தட்டிப் பெயர்த்துவிடுவார்கள். ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் மெருகு விட்டுப்போய், சொரசொரப்பாக ஒரு புள்ளி நிற்கும். தட்டின் அகலத்தைப் பொறுத்து ஒன்று, மூன்று, ஐந்து என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியும்.

சேகரிப்பவர்களுக்கு இந்தப் புள்ளி முக்கியம். 1644இல் மிங் ஆட்சி விழுந்த பிறகு சீனச் சரக்கு வருவது தடைப்பட, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிடா பக்கம் திரும்பியது. 1659இல் மட்டும் 50,000 உருப்படிகளுக்கு மேல் கேட்டது. கேட்டதோ சீனப் பாணியில். அதனால் மேலே இருக்கும் நீலச் சித்திரத்தை மட்டும் பார்த்தால் எது எந்த நாட்டுத் தட்டு என்று குழம்பிப்போகும். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சீனப் பீங்கான் ஊரான சிங்தெசெனின் அந்தக் காலத்துத் தட்டுகளில் இந்தப் புள்ளி பொதுவாக இருக்காது.

அதற்காக, இங்கே இன்னொருவர் சொன்ன "ஜப்பான் புள்ளி"யையும் ஏற்க முடியவில்லை. சோங் காலத்து "ரூ" வகைப் பீங்கானிலும் எள்ளளவு முட்டு அடையாளம் உண்டு. அதுவோ சுத்தச் சீனம். கலைச்சொல் செய்முறையைச் சொல்லட்டும், ஊரைச் சொல்ல வேண்டாம். (இமாரி என்ற பெயர் பட்ட பாடு போதாதா? செய்தது அரிடா, கப்பலேறியது இமாரி, பேர் துறைமுகத்துக்கு.)

ஜப்பானியர் இந்த முட்டுக்கு "ஊசித்தாங்கல்" என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் "முள்தழும்பு" என்று யோசித்தேன். புணர்த்திப் பாருங்கள்: முட்டழும்பு! யாருக்கும் விளங்காது. "முட்டுத்தழும்பு" என்றால் எதன்மீதோ மோதிக்கொண்ட தழும்பு போல இருக்கிறது. கடைசியில் எனக்குப் பிடித்தது முட்டுவடு. முட்டுக் கொடுத்ததால் வந்த வடு. சின்னச் சொல், கட்டுரையில் பத்து முறை வந்தாலும் உறுத்தாது.

---

ஐயா, முட்டுவடு நன்றாக இருக்கிறது. வடு என்றதும் எனக்கு மாவடுதான் நினைவுக்கு வந்தது, அது என் நாக்கின் குற்றம். ஆனால் ஒரு சிக்கல்: "முட்டு" என்பதைத் தனியே எழுதினால் இரண்டாம் வேற்றுமையில் என்ன ஆகும்? "தட்டின் அடியில் முட்டை வைத்துச் சுட்டார்கள்." என் மாணவர்கள் விடமாட்டார்கள்.

---

மாட்டிக்கொண்டேன், அம்மா! சரி, வைக்கும் பொருளுக்கு முட்டுக்கூம்பு, விழும் அடையாளத்துக்கு முட்டுவடு. "முட்டுக்கூம்பை வைத்துச் சுட்டார்கள்" என்றால் யாரும் ஆம்லெட் கேட்கமாட்டார்கள். அடுத்து, மெருகுக்கு அடியில் தீட்டும் நீலம். "மெருகடி நீலம்" என்று தொடங்கி வைக்கிறேன், அடிக்க வாருங்கள்.