புது மிதிவண்டி: மெதுவாகச் செல்லும்போது ஹேண்டில் தானாகச் சாய்கிறது, இடப்பக்கம் ‘டக்’ என்ற சத்தம் வருகிறது – உதவி தேவை

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் காலத்துக்குப் பிறகு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் மிதிவண்டி ஓட்டத் தொடங்கியிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து தில்லைநகரில் உள்ள அலுவலகத்துக்குக் காவிரிப் பாலம் வழியாகப் போய்வர வேண்டும் என்பதற்காக 21 கியர் கொண்ட, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அது பாதி பூட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் வந்தது. எங்கள் பகுதியில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்து முழுதாகப் பூட்டி வாங்கினேன். இன்றோடு 9 நாட்கள் ஆகின்றன.

வேகமாகப் போகும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நெரிசலில் மெதுவாக உருட்டும்போது ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து விழுவது போல இழுக்கிறது. நேற்று முன்தினம் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது செருப்பின் நுனி முன் சக்கரத்தில் உரசி, கால் ஊன்றியதால் விழாமல் தப்பித்தேன். இதைத் தவிர, இடது பெடல் ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. முதல் வாரத்தில் அந்தச் சத்தம் இல்லை. முன் பிரேக்கைப் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சிடுகிறது.

என் ஓட்டும் முறையில்தான் பிழையோ என்றும் யோசிக்கிறேன், ஏனென்றால் சிறுவயதில் ஓட்டியது கியர் இல்லாத பழைய வண்டி. தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்ணாறு

பிரேக் கீச்சிடுவது புது வண்டிகளில் வழக்கமானதுதான் சகோதரி. டிஸ்க்கின் மேல் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும். செயினுக்கும் அதே எண்ணெயை விடலாம். முன் பிரேக்கை அதிகம் பிடிக்க வேண்டாம், தலைகுப்புறத் தள்ளிவிடும். பின் பிரேக்கே போதும்.

பட்டறைக்காரன்

சகோதரி, தயவுசெய்து டிஸ்க்கில் எந்த எண்ணெயையும் விடாதீர்கள். மேலே எழுதிய நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அப்படிச் செய்தால் சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். பிரேக் பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, பேடையே மாற்ற வேண்டியதுதான். விரல் பட்டால் ஒட்டும் எண்ணெய்ப் பசைகூட டிஸ்க்குக்கு ஆகாது.

சத்தத்தைப் பிறகு பார்ப்போம். கால் முன் சக்கரத்தில் உரசியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. வண்டியின் இருக்கையில் அமர்ந்து, ஹேண்டிலை நேராக வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். முன் சக்கரத்தின் டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்ற பாகமும் உங்கள் இடக்கைப் பக்கம், சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் காலின் பின்புறமாக இருக்கின்றனவா? அல்லது வலக்கைப் பக்கம், முன்புறமாக இருக்கின்றனவா? பார்த்து எழுதும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

காவிரிக்கரை

பார்த்துவிட்டேன் ஐயா. டிஸ்க் என் வலக்கைப் பக்கம் இருக்கிறது, காலிப்பரும் ஃபோர்க்கின் முன்பக்கமாக நிற்கிறது. முன் பிரேக்கின் கேபிள் ஃபோர்க்கை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வருவது போலத் தெரிகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பட்டறைக்காரன்

சந்தேகப்பட்டது சரிதான். உங்கள் ஓட்டும் முறையில் குற்றமே இல்லை. முன் ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள்.

இது எப்படி நேர்கிறது என்று சொல்கிறேன். பெட்டியில் அடைக்கும்போது நீளத்தைக் குறைப்பதற்காக ஃபோர்க்கைப் பின்னால் திருப்பிவிடுவார்கள். பூட்டுகிறவர் அதைக் கவனிக்காமல் ஹேண்டிலை மட்டும் முன்பார்த்து இறுக்கிவிட்டால், சக்கரம் சுற்றும், வண்டி ஓடும், பார்வைக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஆனால் ஃபோர்க்கில் சக்கரத்தின் அச்சு, ஹேண்டில் திரும்பும் மையக்கோட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் போல முன்தள்ளி இருக்கும்படிதான் செய்திருப்பார்கள். ஃபோர்க் திரும்பிவிட்டால் அந்த 4 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும், ஆக மொத்தம் முன் சக்கரம் 8 சென்டிமீட்டர் அளவுக்கு உங்கள் காலை நோக்கி வந்துவிடுகிறது. செருப்பு நுனி உரசியதும், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழுவதும் அதனால்தான். சக்கரம் உள்ளே வந்துவிட்டதால் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

அருகில் நம்பிக்கையான பட்டறை இருந்தால் தள்ளிக்கொண்டே போய்ச் சரிசெய்து வாங்குங்கள். நீங்களே செய்வதானால் பெரும்பாலான வண்டிகளுக்கு 5 மி.மீ. ஆலன் கீ ஒன்று போதும். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் என்ற பாகத்தின் பின்பக்கம் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும், அவற்றை மட்டும் தளர்த்துங்கள். மேலே மூடியின் நடுவில் இருக்கும் ஒற்றைப் போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் ஃபோர்க் கீழே நழுவி உள்ளிருக்கும் பால்ரஸ் எல்லாம் கலைந்துவிடும். ஹேண்டிலை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, ஃபோர்க்கைச் சக்கரத்தோடு அரைச் சுற்றுத் திருப்புங்கள். கேபிளின் சுற்று அவிழும் திசையில் திருப்ப வேண்டும். டிஸ்க் இப்போது இடப்பக்கம் வந்திருக்கும்.

அடுத்தது வரிசை முக்கியம். முதலில் மேல்மூடிப் போல்ட்டை, ஹேண்டில் தடையின்றித் திரும்பும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் வைத்து ஹேண்டிலை நேர்படுத்தி, பக்கவாட்டுப் போல்ட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஹேண்டிலுக்குக் கீழே ‘கடக் கடக்’ என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. கடைசியாகச் சக்கரத்தை முழங்காலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பலமாகத் திருகிப் பாருங்கள், அது தனியாக நகரக் கூடாது. இந்த இரண்டு சோதனையும் முடியாமல் தெருவுக்கு வண்டியை இறக்காதீர்கள்.

இனி அந்த ‘டக்’ சத்தம். பெடல்களைத் தாங்கும் இரண்டு கிராங்க் கைகளையும் இரு கைகளால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இடது மட்டும் ஆடினால் கிராங்க் போல்ட் தளர்ந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சின் பேரிங்கில் கோளாறு. முதலாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு வாரம் கழித்துத்தானே சத்தம் தொடங்கியது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். அச்சு எஃகு, கிராங்க் கை அலுமினியம். தளர்ந்த நிலையிலேயே மிதித்துக்கொண்டிருந்தால் கிராங்க்கின் சதுரத் துளை தேய்ந்து உருண்டையாகிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பள்ளி திறந்து விலையில்லா மிதிவண்டி கொடுக்கும் ஆண்டுகளில், இடது கிராங்க் ஆடுகிறது என்று பிள்ளைகள் தள்ளிக்கொண்டு வருவது என் கடையில் வாடிக்கை. வந்த அன்றே ஒரு முறை இறுக்கியிருந்தால் பல வண்டிகள் தப்பியிருக்கும்.

பெடலும் தளர்ந்திருக்கலாம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாகத் திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்து வண்டியின் முன்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடல்களுமே இறுகும். இந்த ஒரு கணக்கு போதும், குழப்பம் வராது.

வெண்ணாறு

எண்ணெய் பற்றி நான் சொன்னது தவறு என்று புரிந்துகொண்டேன் ஐயா, சகோதரியிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். பழைய வண்டிகளில் ரப்பர்க் கட்டை பிரேக்கைத்தான் பார்த்திருக்கிறேன். செயினுக்காவது தேங்காய் எண்ணெய் விடலாமா?

பட்டறைக்காரன்

வேண்டாம் தம்பி. அது மண்ணையெல்லாம் பிடித்துக்கொள்ளும். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம். செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு வீதம் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பத்து நிமிடம் கழித்துப் பழைய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது உருளையின் உள்ளேதான், வெளியே தங்குவது அழுக்கைச் சேர்க்க மட்டுமே உதவும். துடைக்கும்போது பின் டிஸ்க்கின் மேல் ஒரு துணியைப் போர்த்தி வைப்பது நல்லது.

விடிகாலைப் பயணி

நானும் அதே காவிரிப் பாலத்தில் பல ஆண்டுகளாக மிதிவண்டியில் போய்வருகிறவன் என்பதால், ஓட்டுவதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். பழுதுபார்ப்பைப் பட்டறைக்காரர் ஐயா சரியாகவே சொல்லிவிட்டார்.

பின் பிரேக் மட்டும் போதும் என்ற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்ததும் உடல் எடை முன் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது, பின் சக்கரம் இலேசாகி வழுக்கத் தொடங்குகிறது. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக்தான். எந்தக் கைப்பிடி முன் சக்கரத்துக்கு என்று முதலில் உறுதி செய்துகொண்டு, ஆளில்லாத தெருவில் இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டி, அதே நேரம் உடலைச் சற்றுப் பின்தள்ளிப் பழகுங்கள். சட்டென்று கவ்விப் பிடிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். மணலிலும், ஈரத்திலும், திரும்பிக்கொண்டிருக்கும்போதும் முன் பிரேக்கில் கை இலேசாக இருக்கட்டும்.

பாலத்தில் கவனிக்க வேண்டியது இணைப்பு இடைவெளிகள். அவற்றைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குத்தாகக் கடக்க வேண்டும். இடைவெளிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கை விட்டுவிட்டு, இரண்டு பெடல்களையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி, இருக்கையிலிருந்து இரண்டு விரற்கடை எழும்பிக்கொண்டால் அதிர்ச்சி முதுகுக்கு ஏறாது. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓட்டாதீர்கள், அங்கேதான் மணல் சேர்கிறது. ஒரு கை நீளம் தள்ளியே நேராகப் போங்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிய வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே ஒருபோதும் நுழையாதீர்கள்.

துப்பட்டா அணிபவராக இருந்தால் அதைப் பையில் வைத்துவிடுங்கள் அல்லது இடுப்பில் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் துணி சிக்கி ஒரு மாணவி விழுந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், அந்த நொடியில் ஓட்டுபவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில், மட்டமாக அமர வேண்டும். மாலை ஆறரைக்குத் திரும்புவதென்றால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும், வண்டியோடு வந்த ஒளிப்பிரதிபலிப்பான்களையும் அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள்.

காவிரிக்கரை (12 நாட்களுக்குப் பிறகு)

உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என் அண்ணன் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, ஐயா சொன்ன வரிசையிலேயே ஃபோர்க்கைத் திருப்பினோம். காலுக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே இப்போது என் உள்ளங்கை தாராளமாக நுழைகிறது. பாலத்தில் நேராகப் போகிறேன், மெதுவாக உருட்டும்போதும் ஹேண்டில் இழுப்பதில்லை. இடது கிராங்க் போல்ட் முக்கால் சுற்றுக்கு மேல் இறுகியது, சத்தம் அதோடு நின்றுவிட்டது. துப்பட்டா பைக்குள் போய்விட்டது.

முன் பிரேக் இன்னும் இலேசாகக் கீச்சிடுகிறது. புதிதாக இன்னொன்று: பின் கியரை மாற்றும்போது பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் உடனே ஏறாமல் தயங்கி, இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகுதான் ஏறுகிறது. முதல் வாரத்தில் இப்படி இல்லை.

பட்டறைக்காரன்

மிக்க மகிழ்ச்சி சகோதரி. கியர் தயங்குவது பழுது இல்லை. புதுக் கேபிளின் உறை முதல் சில வாரங்களில் அழுந்திக் கொடுக்கும், அதனால் கேபிள் தளர்ந்துவிடுகிறது. பின் சக்கரத்தருகே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டெரயிலர் என்ற பாகத்துக்குள் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகக்கூடிய சிறு உருளை ஒன்று இருக்கும். அதன் பின்னால் நின்று பார்த்து, கடிகாரத்தின் எதிர்த்திசையில் அரைச் சுற்றுத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு கால் சுற்று. மற்ற திருகுகளைத் தொட வேண்டாம். பாலத்தின் ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றாமல், ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கின் இரு பக்கமும் துடையுங்கள். பிறகு காலியான தெருவில் ஓரளவு வேகம் எடுத்து, முன் பிரேக்கால் நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் விட்டுவிடுங்கள். இப்படி இருபது முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அப்போது டிஸ்க் நன்றாகச் சுடும், விரல் வைக்காதீர்கள்.

ஃபோர்க்கைத் திருப்பியதால் முன் டயர் சுழலும் திசையும் மாறியிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது இப்போது முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் காற்றழுத்த அளவும் அச்சிட்டிருக்கும், அந்த எல்லைக்குள் வாரம் ஒருமுறை காற்றைச் சரிபாருங்கள். ஒரு மாதம் முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும், ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாக விரல்களால் அழுத்தி எதாவது தொளதொளவென்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதை மட்டும் நீங்கள் இறுக்க வேண்டாம், கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காவிரிக்கரை

அம்புக்குறி சரியான திசையிலேயே இருக்கிறது ஐயா. கியர் உருளையை முக்கால் சுற்றுத் திருப்பினேன், செயின் இப்போது உடனே ஏறுகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நாளைக் காலை வாங்கிவிடுகிறேன்.