பொருள்: இன்ஸ்டலேஷன் – நிறுவலா, பரப்பா, வேற எதாவதா?

எல்லாருக்கும் வணக்கம்,

காரைக்குடியிலேந்து எழுதுறேன். காலேஜ் பிள்ளைகளுக்கு நவீன கலை வரலாறு தமிழ்ல நோட்ஸ் போட்டுட்டு இருக்கேன், கியூபிசம் சர்ரியலிசம் எல்லாத்தையும் அப்படியே தமிழ் எழுத்துல எழுதி ஒப்பேத்தியாச்சு, 1960க்கு அப்புறம் வந்து மாட்டிக்கிட்டேன். ஒரு இடம் பூரா பொருள்களை வச்சு அமைக்கிற கலை இருக்குல்ல, இன்ஸ்டலேஷன், அதுக்கு நிறுவல்னு எழுதுறோம்ல, போன வாரம் ஒரு பையன் "மேம், இது சாஃப்ட்வேர் ஏத்துறதுதானே"ன்னான். கிளாஸே சிரிச்சுச்சு, ஆனா அவன் மேல தப்பு இல்ல. நிர்மாணம்னும் சில பேர் எழுதுறாங்க, அது வேண்டவே வேண்டாம், ரஷ்யாவுல தாத்லின்ங்கிற கலைஞரோட கூட்டத்துக்கு, அதான் கன்ஸ்ட்ரக்டிவிசத்துக்கு, நிர்மாணவாதம்னு குடுத்தாச்சு, பரிட்சையில ரெண்டையும் போட்டுக் குழப்பிருவாங்க.

எனக்கு நிறுவல்ல இன்னொரு உறுத்தல். சிலை நிறுவுறோம், கம்பெனி நிறுவுறோம், அதெல்லாம் நிலைச்சு நிக்கிறதுக்கு. இன்ஸ்டலேஷன்ல பெரும்பாலும் கண்காட்சி முடிஞ்சா பிரிச்சு மூட்டை கட்டிருவாங்க.

எங்க பக்கம் கல்யாணத்துல சாமான் பரப்புறதுன்னு ஒண்ணு உண்டு, பொண்ணுக்குக் குடுக்குற சாமானையெல்லாம் ஊர் பாக்க வரிசையா வைக்கிறது. சின்ன வயசுல எங்க பெரியப்பா மகள் கல்யாணத்துல பாத்தேன், வளவு பூரா பித்தளை அண்டா, வெங்கலப் பானை, மங்கு ஜாடி, எவர்சில்வர் தூக்கு பெருசுலேந்து சின்னது வரைக்கும், மூலையில வெளக்குமாறு கூட புதுசா. எல்லாம் முடிச்சு நிமிர்றப்ப ஒரு ஆச்சி வந்து பாத்துட்டு, "என்னத்தா இப்புடி அடைச்சு வச்சிருக்கிய, ஆளு நடக்க வழி வேணாமா"ன்னு சொல்லி ஒரு குடத்தை ஒரு சாண் தள்ளி வச்சாங்க. அவ்வளவுதான், அதுவரைக்கும் பாத்திரக்கடை மாதிரி இருந்தது அப்புறம் வேறயா ஆயிருச்சு, ஒவ்வொருத்தரா உள்ள நடந்து குனிஞ்சு பாத்து அந்தப் பக்கமா வெளிய போனாங்க. ரெண்டு நாள்ல எல்லாம் பெட்டிக்குள்ள போயிருச்சு.

சுபோத் குப்தா 2006ல எவர்சில்வர் பாத்திரத்தாலயே பெரிய மண்டையோடு பண்ணாரு, அதுவும் பாத்திரம்தான், ஆனா அதை நாம சுத்தி வந்து பாக்கிறோம், அதனால சிற்பம்னே சொல்லிரலாம். விவான் சுந்தரம் பம்பாய்க் கலவரத்துக்கு அப்புறம் 1993ல செஞ்ச 'மெமோரியல்' வேற, தகர டிரங்குப் பெட்டிகளை வச்சு ஒரு வாசல், தெருவுல செத்துக் கிடந்த ஒருத்தரோட பத்திரிகை போட்டோ, எல்லாத்துக்கும் நடுவுல நாம நடந்து போகணும். அந்த நடக்குற வழியும் அவரு செஞ்சதுதான்.

அதனால பரப்பு, பரப்புக்கலை. என்ன சொல்றீங்க?

---

அக்கா, கல்யாணக் கதை பிரமாதம், சொல்லு வேண்டாம். பரப்புன்னதும் எனக்குக் கணக்கு வாத்தியார்தான் வந்து நிக்கிறாரு, நீளம் பெருக்கல் அகலம். அதுவும் போக "ரூம் பூரா பரப்பி வச்சிருக்கான் பாரு"ன்னு எங்கம்மா திட்டுறதும் இதே சொல்லுதானே. நீங்களே நடந்து உள்ள போறதுதான் முக்கியம்ங்கிறீங்க, அப்ப அதை வச்சே புகுவெளின்னு போடலாமே, வினைத்தொகை, கேக்கவும் நல்லா இருக்கு.

திருச்சியிலிருந்து

---

> புகுவெளின்னு போடலாமே

தம்பி, சொல்லு அழகா இருக்கு, பொறாமையாவே இருக்கு. ஆனா நியூயார்க்ல வால்டர் டி மரியா 1977ல செஞ்ச 'எர்த் ரூம்' இருக்குல்ல, மாடியில ஒரு வீடு பூரா மண்ணு, 56 சென்டிமீட்டர் உயரத்துக்கு, மொத்தம் 127 டன். உள்ள போக முடியாது, வாசப்படியில குறுக்க ஒரு கண்ணாடித் தடுப்பு, அங்கேயே நின்னு பாத்துட்டு வரணும். புகுவெளின்னு சொல்லிட்டு எப்படி அதை நடத்துறது? பரப்புக்கு அது பாட்டுக்கு உக்காருது. (நிறுவல்காரங்க இதைச் சொல்லி என்னையும் மடக்கலாம், பல வருஷமா பிரிக்காம அப்படியேதான் கிடக்கு அந்த மண்ணு.)

கணக்கு வாத்தியார் விஷயம் மட்டும் ஒத்துக்கிறேன். வெளியீடு, முதலீடு மாதிரி பரப்பீடுன்னு போட்டா அவரு நகந்துருவாரு. பரப்பீட்டுக் கலைஞர், ஒரு பரப்பீடு, மூணு பரப்பீடுகள், வாய்ல சிக்காம வருது. நிறுவல் கலைஞர்னா கொச்சி பினாலேங்கிற கலைக் கண்காட்சிக்கு ஏசி மாட்ட வந்தவர் மாதிரில்ல இருக்கு. உங்கம்மா திட்டு பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், நிறைய பேர் இந்தக் கலையைப் பாத்து அதையேதான் சொல்றாங்க.

எனக்கு இடிக்கிறது தொங்க விடுற வேலைங்க. 2015 வெனிஸ் பினாலேல சிஹாரு ஷியோட்டா சிவப்பு நூலை ரூம் பூரா பின்னி, அதுல பழைய சாவிகளைத் தொங்க விட்டு, அடியில ரெண்டு படகு வச்சிருந்தாங்க. அதைப் போயி பரப்பினாங்கன்னா? பந்தல்ல கொடி பரந்து கிடக்குன்னு சொல்றோமேன்னு சமாதானம் பண்ணிப் பாத்தேன், ஆனா அது தானா பரவுறது, யாரும் பரப்பலையே. படர்வுன்னு ஒரு சொல்லு எட்டிப் பாக்குது, அது நோய் பேரு மாதிரி இருக்கு.

திங்கக்கிழமை நோட்ஸ் ஜெராக்ஸுக்குப் போகுது. இப்போதைக்கு பரப்பீடுன்னு போட்டு பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள நிறுவல்னு குடுத்திருக்கேன், ஷியோட்டா பத்தி மட்டும் இன்ஸ்டலேஷன்னே விட்டுட்டேன். தொங்குறதுக்கும் சேத்து ஒரு சொல்லு யாருக்காவது தோணுச்சுன்னா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள எழுதுங்க.