ஹெபடைட்டிஸ் சி குணமான பிறகும் ஈரல் கெடுகிறதே, ஏன்? ஓ.பி.யில் கண்டவை

கல்லீரல் ஓ.பி. செவிலியர்:

ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் வைரஸுக்கான மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, ரத்தத்தில் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. டெஸ்டில் வைரஸ் இல்லை என்று வந்ததுமே பலர் ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் வயிறு வீங்கியோ கால் வீங்கியோ வருபவரை விசாரித்தால் சுகர், தொந்தி, குவார்ட்டர் மூன்றில் ஒன்றாவது இருக்கும். மூன்றும் சேர்ந்தே வருபவர்களும் உண்டு.

குடியைப் பற்றிக் கேட்பதில் ஒரு பக்குவம் வேண்டும். "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவதுங்க" என்பார்கள். "குவார்ட்டரா, ஆஃபா? தனியாவா, ஷேரா? வாரத்துல எத்தனை நாள்?" என்று கேட்டால்தான் கணக்கு வெளியே வரும். 42.8 சதவீத பிராந்தி 180 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாலே வாரத்துக்கு 210 கிராம். கொழுப்பு ஈரலும் குடியும் சேர்ந்த நோயை 2023-ல் ஈரல் மருத்துவச் சங்கங்கள் தனி வகையாகப் பிரித்தன, அதில் ஆண்களுக்கு வைத்த கீழ்வரம்பும் இதுதான். "பீருக்கு மாறிட்டேன் சிஸ்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது! சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) வந்தவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரு சொட்டும் கூடாது.

லேப் டெக்னீஷியன்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. எஸ்.ஜி.பி.டி. (ரத்தத்தில் பார்க்கும் ஈரல் என்சைம்) நார்மல் என்பதை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு என்சைம் அளவால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ஆயிரக் கணக்கில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதைக் கொண்டு வகுத்தால் ஃபிப்-4, அதாவது ஈரல் தழும்பைக் கணிக்கும் எண். 52 வயது, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1.4 லட்சம் என்று வையுங்கள்: 2496-ஐ 840-ஆல் வகுக்க 2.97. எஸ்.ஜி.பி.டி. 36-தானே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் 2.67-க்கு மேல் போனாலே தழும்பு முற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். இதில் ஒரு சிக்கல், வைரஸ் போனதும் என்சைம் இறங்குவதால் இந்த எண்ணும் இறங்கிவிடும், தழும்பு அப்படியே இருந்தாலும்கூட. ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கும் அதே கதை. அதனால் சிகிச்சைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள். அதில் சிரோசிஸ் என்று இருந்தால், பிறகு எண் குறைந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். புற்றுநோய்க் கட்டி வரும் ஆபத்து குறையும், போய்விடாது.

வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, வைரஸ் போன பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே காட்டும். வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் அதைப் பார்த்து அன்ஃபிட் போட்டுவிடுவதால் சிலர் நோயையே மறைத்துவிடுகிறார்கள், ஃபாலோ-அப்பும் அதோடு நின்றுபோகிறது. மறுபடி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க ஆன்டிபாடி உதவாது, ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டும்.

டயட்டீஷியன்:

இந்தியாவில் அதிகம் காணப்படும் ஜீனோடைப் 3 என்ற வைரஸ் வகை, தானாகவே ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும் ரகம். வைரஸோடு அந்தக் கொழுப்பு கரையும். சுகராலும் தொந்தியாலும் சேர்ந்தது கரையாது. நமக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 23-லேயே ஆபத்து ஆரம்பம். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. 80 கிலோ ஆள் 4 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கும், தழும்பு இளக 8 கிலோவாவது போக வேண்டும். வைரஸ் இருக்கும்வரை அமுங்கிக் கிடந்த எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால், வைரஸ் போனதும் ஏறும். அதைக் குறைக்கும் மாத்திரைதான் ஸ்டாட்டின். "ஈரல் நோயாளிக்கு ஸ்டாட்டினா?" என்று பயந்து நிறுத்துகிறார்கள். கட்டுக்குள் இருக்கும் சிரோசிஸில் டாக்டர் தந்தால் தாராளமாகச் சாப்பிடலாம்.

சிரோசிஸ்காரருக்கு மட்டும் பட்டினி ஆகாது. காமாலைப் பத்தியம் என்று முட்டை, பருப்பை நிறுத்தி மோர்சாதத்திலேயே வைத்தால் தசை கரைந்துவிடும். 60 கிலோ உடம்புக்குத் தினம் 72 முதல் 90 கிராம் புரதம் தேவை, படுக்கும் முன் கொஞ்சம் சாப்பாடும். ராத்திரி ஏழுக்கே தட்டைக் கழுவி வைப்பது இவர்களுக்கு ஒத்துவராது.

செவிலியர்:

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு வைரஸ் சிகிச்சையின்போதே சுகர் திடீரென்று இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். சுகர் மருந்தின் டோஸைக் குறைக்க டாக்டரிடம் கேளுங்கள்.

தினக்கூலிக்காரர் ஸ்கேனுக்கு வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அன்றைய கூலி போகிறது. அல்ட்ராசவுண்ட், ஃபைப்ரோஸ்கேன், சுகர், கொலஸ்ட்ரால் எல்லாமே வெறும் வயிற்றில் செய்பவைதான். ஒரே காலையில் முடியும்படி தேதி போட்டு, அடுத்த ஆறாம் மாதத் தேதியையும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தனுப்பினால் வருகிறார்கள்.